மூளையில் கட்டியா, புழுவா? பூச்சி மாத்திரை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

கேள்வி, பிப்ரவரி 3

அண்ணனுக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு மூளைக் கட்டி என்றார்கள். வீடே ஆடிப்போய்விட்டது. வேறொரு டாக்டர் அதே படத்தைப் பார்த்து இது புழு என்றார். பூச்சி மாத்திரையும் ஸ்டீராய்டும் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் மூளைக் கட்டி என்று சொல்லப்படுவதில் பாதி புழுவாகத்தானே இருக்கும்? மண்டையைத் திறப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு கோர்ஸ் பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்த்தால் என்ன? போனால் மாத்திரை, வந்தால் உயிர்.

பிப்ரவரி 3, இரவு

பாதி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அண்ணனுக்கு நடந்ததை நம்புகிறேன். அதை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து எழுதுவதுதான் இடிக்கிறது.

நான் டாக்டர் இல்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கும் டெக்னீஷியன். ரிப்போர்ட் எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் படம் முதலில் விழுவது என் கண்ணில்தான். அதனால் படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட பிறகு, நடுவில் கறுப்பும் ஓரத்தில் வெள்ளையுமாக ஒரு வளையம் தெரியும். ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் கசிந்துவிடாதபடி ஒரு தடுப்பு உண்டு. அது பழுதான இடத்தில் ஊசி மருந்து கசிகிறது, படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. வளையம் சொல்வது அவ்வளவுதான். தடுப்பை உடைத்தது யார் என்று அது சொல்லாது. மூளையிலேயே உண்டான வீரியமான புற்று, நுரையீரலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவி வந்த புற்று, சீழ்க்கட்டி, காசநோய்க் கட்டி, செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழு லார்வா, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, சில சமயம் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் என எல்லாமே வளையமாக வரும்.

முதலில் கட்டி என்று சொன்ன டாக்டரைக் கீழே இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயமான சந்தேகம்தான்.

பிப்ரவரி 4, காலை

புழு எப்படி வளையமாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பன்றி நாடாப்புழுவின் முட்டை வாய் வழியாக உள்ளே போகிறது. குடலில் பொரிந்து, ரத்தத்தோடு கிளம்பி, தசை, கண், மூளை என்று போய் உட்கார்ந்துகொள்கிறது. மூளையில் அது தெளிந்த நீர் நிறைந்த சின்னப் பை. பெரும்பாலும் அரை சென்டிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை இருக்கும். பைக்குள் புழுவின் தலை ஒரு புள்ளியாக நிற்கும். உயிரோடு இருக்கும் வரை அது நம் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். சுற்றிலும் வீக்கம் இருக்காது, பல பேருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது.

கலாட்டா தொடங்குவது அது சாகும்போதுதான். பை கலங்குகிறது, சுவர் தடிக்கிறது, உடம்பு அப்போதுதான் அதைக் கண்டுகொண்டு தாக்குகிறது. வீக்கம், வலிப்பு, படத்தில் வளையம். அப்புறம் அது சுருங்கி ஒரு முடிச்சாகி, மறைந்துவிடும் அல்லது சுண்ணாம்புப் பொட்டாக நின்றுவிடும். அண்ணனுக்கு வலிப்பு வந்த அன்று புழு உள்ளே நுழையவில்லை. அது எப்போதோ நுழைந்தது. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்களைப் பெருமளவில் உள்ளடக்கிய 450 பேரின் கணக்கு 1961-இல் வெளிவந்தது. நோய் தொற்றியதற்கும் முதல் அறிகுறிக்கும் இடையே பலருக்குச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன, சிலருக்கு 30 ஆண்டு வரை.

பிப்ரவரி 4, மதியம்

"நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு வராது" என்று எழுதியவருக்கு: வரும்.

பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளைக்குப் போவது முட்டை. முட்டை வருவது பன்றியிடமிருந்து இல்லை, குடலில் புழு வைத்திருக்கும் மனிதரின் மலத்திலிருந்து. கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், சரியாகக் கழுவாத காய், இவை போதும். நியூயார்க்கில் பன்றியைத் தொடவே தொடாத ஆசார யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு இந்த நோய் வந்தது 1992-இல் மருத்துவ இதழில் வெளியானது. அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் மூலம் முட்டை வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள்.

பிப்ரவரி 5, இரவு

இனி "மாத்திரையில் கரைந்தது" என்ற இடத்துக்கு வருகிறேன். உங்கள் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

சி.டி. ஸ்கேன் இந்தியாவில் பரவ ஆரம்பித்த 1980-களில் ஒரு விசித்திரம் நடந்தது. வலிப்போடு வந்த இளைஞர்கள் பலருக்கு ஒரே ஒரு சின்ன வளையம் தெரிந்தது. காசநோய் மிகுந்த நாடு என்பதால் காசநோய்க் கட்டி என்று முடிவு செய்து அந்த மருந்தைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் வளையம் மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லோருக்கும் திருப்தி. ஆனால் காசநோய் மருந்து எடுக்காதவர்களுக்கும் அது மறைந்துகொண்டிருந்தது! வேலூர் சி.எம்.சி.யில் சாண்டி, ராஜ்சேகர் குழுவினர் சிலருக்கு அந்த முடிச்சை அறுத்தெடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது நாடாப்புழு லார்வா. 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்தக் கட்டுரை பல பேரை வீண் காசநோய் மருந்திலிருந்தும், சிலரை வீண் அறுவையிலிருந்தும் காப்பாற்றியது.

பிறகு அதே குழு யாருக்குப் பொறுக்கலாம் என்பதற்கு அளவுகோல் வகுத்தது. வலிப்போடு வந்திருக்க வேண்டும். மூளை அழுத்தம் நீடித்து உயர்ந்திருக்கக் கூடாது. கை கால் பலவீனம் போன்ற குறை நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகக் கூடாது. உடம்பில் வேறு இடத்தில் புற்றோ காசநோயோ ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. படத்தில் ஒரே முடிச்சு, 20 மி.மீ.க்கு மேல் இல்லை, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் அளவு வீக்கம் இல்லை. இத்தனையும் சேர்ந்தால் வலிப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு, கத்தியைக் கீழே வைத்துக் காத்திருக்கலாம்.

அண்ணனுடையது பூச்சி மாத்திரை இல்லாமலும் மறைந்திருக்கலாம். மாத்திரை வீண் என்று சொல்லவில்லை. ஒற்றை முடிச்சு கொஞ்சம் சீக்கிரம் மறைய அது உதவுகிறது. ஆனால் தானாகவே போகக்கூடிய ஒன்று மருந்துக்குப் பின் போனால், மருந்தால் போனது என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

பிப்ரவரி 5, இன்னும் கொஞ்சம்

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அப்படியானால் கரைந்தது எல்லாம் புற்று இல்லை என்றாவது சொல்லலாமே" என்கிறார் ஒருவர். அதுவும் சொல்ல முடியாது. மூளையில் வரும் லிம்போமா என்ற புற்று ஸ்டீராய்டு கொடுத்தால் சில நாட்களிலேயே படத்திலிருந்து காணாமல் போகும். பேய்க் கட்டி என்றே அதற்குப் பெயர். கொஞ்ச காலத்தில் திரும்பி வந்து நிற்கும். அது மட்டுமா, ஸ்டீராய்டு முதலில் போய்விட்டால் பயாப்சி (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) எடுத்தும் ஒன்றும் பிடிபடாமல் போகலாம். உங்கள் "எல்லோருக்கும் ஒரு கோர்ஸ்" திட்டத்தில் ஸ்டீராய்டும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

பிப்ரவரி 6

அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் மூளையைப் புழு தின்றதே என்று கேட்டவருக்கு. 2010-இல் அவருக்கு மறதி வந்து ஸ்கேன் எடுத்தபோது ஒரு கறும்புள்ளி தெரிந்தது, பல டாக்டர்கள் கட்டி என்றார்கள், அறுவைக்குக் கிளம்பும் சமயத்தில் இன்னொரு டாக்டர் செத்த ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்றார். இதெல்லாம் அவரே 2012-இல் ஒரு வழக்கில் சாட்சியமாகச் சொன்னது, 2024-இல் பத்திரிகையில் வந்தது. புழு மூளையின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டுச் செத்தது என்பதும் அவர் சொன்னதுதான். அது நாடாப்புழு லார்வா என்றால் தின்றிருக்க வழியில்லை. நாடாப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. தோல் வழியாகவே சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதே சமயத்தில் அவர் ரத்தத்தில் பாதரசமும் அதிகமாக இருந்தது. மறதிக்கு அது போதுமான காரணம். செத்த புழுவின் மேல் எல்லாப் பழியையும் போட்டாயிற்று.

பிப்ரவரி 8, இரவு

என் வேலையிலிருந்து கொஞ்சம்.

மெஷினிலிருந்து வெளியே வந்ததும் நோயாளி முதலில் பார்ப்பது என் முகத்தை. "என்ன சார், கட்டியா?" டாக்டர் பார்த்துச் சொல்வார் என்பதைத் தவிர எதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சிரித்தால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிரிக்காவிட்டால் உறவினர் வராந்தாவில் அழ ஆரம்பிக்கிறார்கள். அதனால் முகத்தை ஒரு மாதிரி காலியாக வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஒரு இளைஞர், வேறு இடத்தில் எடுத்த படமும் ரிப்போர்ட்டுமாக வந்தார். வீரியமான புற்றாக இருக்கலாம் என்று அதில் இருந்தது. உறையைத் திறக்கவே அவர் அப்பாவுக்குக் கை வரவில்லை. பழைய படத்தில் ஒவ்வொரு வெட்டும் 5 மி.மீ. கனம். புழுவின் தலையே 2, 3 மி.மீ.தான். இரண்டு வெட்டுக்கு நடுவில் அது கரைந்து போக எல்லா வாய்ப்பும் உண்டு. எங்கள் ரேடியாலஜிஸ்ட் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வெட்டுகளாக எடுக்கச் சொன்னார். மவுஸ் சக்கரத்தை ஒவ்வொரு படமாக உருட்டிக்கொண்டே போனோம். வளையம், வளையம், வெறும் வளையம். திடீரென்று ஒரே ஒரு படத்தில், நடுவில் இல்லாமல் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு ஒரு புள்ளி. அடுத்த படத்தில் அது இல்லை. ரேடியாலஜிஸ்ட் பின்னால் போய் மறுபடி அந்தப் படத்தில் நிறுத்தினார். "அதோ தலை" என்றார். அன்றைக்கு முகத்தைக் காலியாக வைத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது.

இதோடு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஒரு பெண்மணி. சின்ன வளையம், வலிப்பு, வேறு எந்தக் குறையும் இல்லை. புழுவாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினோம். குறித்த தேதியில் அடுத்த ஸ்கேனுக்கு வந்தார். வளையம் பெரிதாகியிருந்தது, ஓரம் கரடுமுரடாகத் தடித்திருந்தது. பயாப்சியில் புற்று. காத்திருந்தது தவறில்லை. குறித்த தேதியில் அவர் வந்தாரே, அதுதான் முக்கியம். காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது இல்லை. வலிப்பு நின்றதும் அடுத்த ஸ்கேன் எதற்கு என்று வராமல் போகிறவர்கள் எத்தனை பேர்!

பிப்ரவரி 9

வேறு என்ன பார்ப்பார்கள் என்று கேட்டதற்குச் சுருக்கமாக. ரத்த ஓட்டத்தை அளக்கும் படத்தில் வீரியமான புற்று பெரும்பாலும் அதிகம் காட்டும், தொற்று குறைவாகக் காட்டும். கட்டியில் உள்ள ரசாயனங்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபியில் கோலின் என்ற பொருள் உயர்ந்தால் புற்றின் பக்கம் சந்தேகம் சாயும். சீழ்க்கட்டி, திசுவில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்று எரியும். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் சோதனை இருக்கிறது. பல பைகள் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். ஒற்றை முடிச்சு என்றால் கணிசமான பேருக்கு நெகட்டிவ் வரும். நெகட்டிவ் வந்ததால் புழு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. எதுவும் தனியாக நின்று தீர்ப்பு சொல்லாது.

பிப்ரவரி 11, இரவு

"ஆக, காத்திருந்தால் போதும்" என்று இழை போகிற போக்கைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நான் சொன்னது அந்தச் சின்ன ஒற்றை முடிச்சுக்கு மட்டும்.

பாலமுத்தியா என்று ஒரு அமீபா. பெயர் தமிழ்ப் பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் பாலமுத் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் பெயர் அது. 1986-இல் சான் டியாகோவில் இறந்த ஒரு மாண்ட்ரில் குரங்கின் மூளையில் முதலில் கண்டார்கள். மண்ணிலும் நீரிலும் இருக்கும். சியாட்டிலில் 69 வயதுப் பெண் ஒருவருக்கு மூக்கின் மேல் ஆறாத புண், பிறகு வலிப்பு. மூளையில் இருந்ததை முதலில் கட்டி என்றே நினைத்தார்கள். அறுவைக்குப் பிறகுதான் அமீபா என்று தெரிந்தது. அதற்குள் அது வேகமாகப் பரவிவிட்டது, அவர் பிழைக்கவில்லை. காய்ச்சாத, வெறுமனே வடிகட்டிய குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவி வந்ததுதான் வழி என்று சந்தேகித்தார்கள். 2018-இல் அந்த விவரம் வெளியானது. இங்கே மாதக்கணக்கில் காத்திருப்பது சாவுக்கு வழி. நீங்கள் சொல்லும் பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலை மட்டும் கொடுத்துவிட்டு இருந்தாலும் அப்படித்தான். திசுவை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பழைய சிறுநீர்த் தொற்று மருந்தான நைட்ராக்ஸலினை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து கலிஃபோர்னியாவில் ஒருவர் பிழைத்தது 2023-இல் வெளிவந்தது. அவருக்கும் பயாப்சி எடுத்த பிறகுதான் மருந்தே தேர்ந்தெடுக்க முடிந்தது.

நீங்கள் சொன்ன "கொடுத்துப் பார்ப்போம்" முறையாகவே நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். எச்.ஐ.வி. முற்றி, சி.டி.4 என்ற எதிர்ப்பு சக்தி செல்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே போனவருக்கு மூளையில் பல வளையங்கள் இருந்து, ரத்தத்தில் டாக்ஸோபிளாஸ்மா எதிர்ப்புப் புரதமும் இருந்தால், அதற்கான மருந்தை முதலில் தொடங்குவார்கள். சுமார் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் லிம்போமாவை நினைத்து பயாப்சிக்குப் போவார்கள். கொடுத்துப் பார்ப்பதற்கு அங்கே ஒரு கெடு இருக்கிறது. உங்கள் திட்டத்தில் இல்லாதது அது.

பிப்ரவரி 12

"போனால் மாத்திரை" இல்லை. போனால் வேறு பலவும் போகும்.

அல்பெண்டசோல் புழுவைக் கொன்றால் வீக்கம் வரும் என்பது மேலே எழுதியதிலிருந்தே புரியும். அதனால்தான் ஸ்டீராய்டை முதலில் தொடங்குகிறார்கள். கண்ணுக்குள் ஒரு பை இருந்து, அது தெரியாமல் மருந்து கொடுத்தால் பார்வை போகலாம், எனவே முதலில் கண் பரிசோதனை. மூளை முழுக்க நூற்றுக்கணக்கில் பைகள் இருந்து மூளையே வீங்கியிருந்தால் புழுக்கொல்லி கொடுக்கவே கூடாது, முதலில் வீக்கத்தைத்தான் அடக்க வேண்டும். மூளையின் நீர்ப்பாதை அடைத்திருந்தால் முதல் வேலை அந்த அழுத்தத்தைக் குறைப்பது. சுண்ணாம்பாகிவிட்ட பொட்டுக்குக் கொல்ல எதுவும் மிச்சமில்லை, மாத்திரை வீண்.

பூச்சி மாத்திரை என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்கிறோம். குழந்தைக்கு ஒரு வேளை கொடுக்கும் அதே அல்பெண்டசோல்தான். இங்கே கொடுப்பது உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 15 மி.கி. வீதம், ஒன்றிரண்டு பை என்றால் 10 முதல் 14 நாள். அதற்கு மேல் பைகள் இருந்தால் பிராசிகுவான்டெல் என்ற இன்னொரு புழுக்கொல்லியும் சேரும். இடையிடையே ரத்தத்தையும் கல்லீரலையும் சோதிக்க வேண்டும். கடையில் வாங்கி வாயில் போட்டுக்கொள்கிற சங்கதி இல்லை.

பிப்ரவரி 15

இழை எங்கேயோ போய்விட்டது, நானும் கூடவே போகிறேன்.

கான்பெராவில் 2022 ஜூனில் 64 வயதுப் பெண்ணுக்கு மூளையின் முன்பகுதியில் இருந்த முடிச்சை பயாப்சிக்காகத் திறந்தார்கள். சர்ஜன் இடுக்கியில் பிடித்து இழுத்தது 8 செ.மீ. நீளப் புழு. உயிரோடு நெளிந்தது. மலைப்பாம்பின் குடலில் வாழ வேண்டிய உருண்டைப்புழு. பாம்பின் எச்சம் பட்ட கீரை வழியாக முட்டை போயிருக்கலாம் என்கிறார்கள். மனிதரில் அந்த இனம் கண்டது அதுவே முதல் தடவை.

கேம்பிரிட்ஜில் இன்னொருவர். படத்தில் வளையங்கள், ஆனால் அடுத்தடுத்த ஸ்கேனில் அவை இடம் மாறின. நான்கு வருடத்தில் 5 செ.மீ. நகர்ந்திருந்தது. புற்று வளரும், பரவும், இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு நடந்து போகாது. கடைசியில் எடுத்தபோது ஸ்பைரோமெட்ரா என்ற நாடாப்புழுவின் லார்வா, ஒரு செ.மீ. இருந்தது. பழைய படங்களை யாராவது பத்திரமாக வைத்திருந்ததால்தான் இந்த நடை தெரிந்தது. ஆகவே பழைய ஃபிலிமையும் படம் பதிந்த சிடி தட்டையும் தூக்கிப்போடாதீர்கள். "அதுதான் ரிப்போர்ட் இருக்கிறதே" என்று வருகிறவர்களோடு எனக்குத் தினம் மல்லுக்கட்டு.

நாய் நாடாப்புழுவின் நீர்ப்பை வேறு ரகம். கோலிக்குண்டு மாதிரி வழவழப்பான பெரிய உருண்டை, சுற்றிலும் வீக்கமே இருக்காது, குழந்தைகளிடம் அதிகம். அதைக் குத்தக் கூடாது. உடைந்தால் உள்ளிருக்கும் நீர் கடும் ஒவ்வாமையைக் கிளப்பும், புதிய பைகளும் முளைக்கும். பைக்கும் மூளைக்கும் நடுவே உப்புநீரைச் செலுத்தி, முழுசாக மிதக்கவிட்டு வெளியே எடுப்பார்கள். சாதாரண நீர்க்கட்டி என்று நினைத்து ஊசி விடுவதற்கு முன்னால் இதை யோசித்தாக வேண்டும்.

தலைகீழான கதையும் உண்டு. கொலம்பியாவில் எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் நுரையீரலிலும் நிணமுடிச்சுகளிலும் புற்று. செல்கள் மனிதச் செல்லை விடச் சின்னதாக இருந்தன. மரபணுவைப் பார்த்தால் அது குள்ள நாடாப்புழுவின் செல். புழுவுக்கு வந்த புற்று மனிதருக்குள் பரவியிருந்தது. 2015-இல் வெளியானது. கட்டியா புழுவா என்ற கேள்விக்கு "இரண்டும்" என்று ஒரு பதில்.

பிப்ரவரி 18

அண்ணன் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தில் ஒன்றுமே மிச்சமில்லை, வலிப்பும் மாதக்கணக்கில் வரவில்லை என்றால் டாக்டர் மெல்லக் குறைக்கக்கூடும். சுண்ணாம்புப் பொட்டு நின்றுவிட்டால் வலிப்பு திரும்ப வாய்ப்பு கூடுதல். அந்தப் பொட்டைச் சுற்றி வருடங்கள் கழித்தும் திடீர் வீக்கம் வரும், அதையும் யாராவது புதுக் கட்டி என்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் இந்தப் பொட்டு நழுவிவிடும், சி.டி.யில் பளிச்சென்று தெரியும். ஒரு சி.டி. எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று, இதுவரை யாரும் கேட்கவில்லை. அந்த முட்டை எங்கிருந்தோ வந்திருக்கிறது. வீட்டிலேயே யாருக்காவது குடலில் நாடாப்புழு இருக்கலாம், அண்ணனுக்கேகூட இருக்கலாம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. சேர்ந்து சாப்பிடுகிறவர்கள், சமைக்கிறவர்கள் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தடவை நெகட்டிவ் என்றாலும் இன்னொரு நாள் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள், முட்டை தினமும் வெளிவராது. இருப்பது தெரிந்தால் ஒரே வேளை மருந்தில் முடிகிற விஷயம்.